பக்கத்தில் நிற்பவனின் மூச்சு

அருளப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டாய். உன் அம்மா பேசாத நாட்களில் பாத்திரங்கள் பேசும். அன்று பொழுது சாயும்வரை சமையலறையில் அவை ஓயவில்லை. நீ கேட்டது ஒன்றுதான். வருகிற புதன்கிழமை உன் கலியாணத்துக்கு வீட்டிலிருந்து கோயில்வரை சவரிமுத்துவின் பேண்டு முன்னால் ஊதிக்கொண்டு போக வேண்டும்; கோயில் வாசலில் அவனே உன் கையைப் பிடித்துப் பீடத்தருகில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் உன்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் அவன். நம் ஜனங்களில் அது அவனுடைய உரிமை. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான், "அவன் வந்தா நான் வர மாட்டேன்" என்றேன். "அப்ப வராத நைனா, நானே நடந்து போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நீ எழுந்துவிட்டாய்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பிள்ளைகள் கோபித்துக்கொண்டு போவதும் திரும்பி வருவதும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் நீ வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "என் கேங்குல ரெண்டு ஃபிட்டருங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம வேலையக் கெடுத்துக்கினு கீறானுங்க. மேஸ்திரின்னு பேரு வச்சிக்கினு அவனுங்களுக்கு நான் இன்னா புத்தி சொல்றது? எங்க வூட்லயே அதான் கீது." பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் உன்னை மேஸ்திரியாக்கி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்த இருவரால் உன் கேங்கின் வேலை பின்தங்குகிறது, அதற்கு நீதான் பதில் சொல்கிறாய் என்று உன் அம்மாவிடம் முன்பே சொல்லியிருக்கிறாய், எனக்குச் சொல்லவில்லை. என்னிடம் யோசனை கேட்பதில் பயனில்லை என்று நினைத்திருப்பாய். அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். வாயால் சொன்னால் நீ நடுவில் எழுந்து போவாய். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் மீதி அங்கேயே இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனது மாறிவிட்டேன் என்றும், எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்றும் எழுதப்போகிறேன் என எதிர்பார்க்காதே. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. ராயபுரத்தில் அது எல்லோருக்கும் தெரியும். துறைமுக ஆபீசில் எனக்கு வரவேண்டிய தலைமைக் குமாஸ்தா நாற்காலி, துரையின் நாயைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனவனுக்குப் போயிற்று. அவன் எழுதுகிற இங்கிலீஷை அன்றும் நான்தான் திருத்தினேன், இன்றும் நான்தான் திருத்துகிறேன். அவனுக்குக் காலை வணக்கம் சொல்லும்போது ஒவ்வொரு நாளும் அது நினைவுக்கு வருகிறது. உன் தாய்மாமன் நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று வாசலில் நின்று "ரைட்டர் ஊடுன்னா பெருசா இருக்கும்னு பாத்தேன்" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும்போதெல்லாம் கோயில் சாமியார் எல்லோரையும் மன்னிக்கச் சொல்லுவார். சரி என்று தலையாட்டிவிட்டு வருவேன். கோயில் படி இறங்குவதற்குள் மறுபடியும் வரிசையாக எல்லோர் முகமும் வந்துவிடும். என் குணம் இது. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டே ஒரு மனிதன் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்க முடியுமா என்பதுதான் நான் இத்தனை வருஷமாக யோசித்த கேள்வி. நல்ல குணமுள்ளவர்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லத்தான் யாரும் இல்லை. நம்மை என்று எழுதியிருக்கிறேன். நீ என் பிள்ளை, சாப்பாட்டைவிட்டு எழுந்த வேகத்தில் அது தெரிந்தது.

வாலிபத்தில் நான் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களாக வாங்கிப் படித்தது நினைவிருக்கும். நீ சிறுவனாக இருந்தபோது அவற்றின் அட்டைகளைக் கிழித்துக் கப்பல் செய்திருக்கிறாய். தன் முயற்சியால் உயர்ந்த வெள்ளைக்காரர்களைப் பற்றிய புத்தகங்கள். அதிகாலையில் எழு, வீண் பேச்சைக் குறை, ஒரே குறியை மனதில் வை, தினமும் சிறிது கற்றுக்கொள் என்று சொல்லும். அவற்றை நான் பழிக்க மாட்டேன். சுருக்கெழுத்தும், கார்னெட் என்கிற பித்தளை ஊதுகுழலும் எனக்கு அந்தப் பழக்கத்தால்தான் வந்தன. ஆனால் அந்தப் புத்தகங்களில் வருகிறவன் எப்போதும் தனியாக இருப்பான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தனியாகப் படிப்பான், தனியாக இயந்திரம் கண்டுபிடிப்பான். பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான், அவனுக்கும் கோபம் வரும், அவன் மனது வைக்காவிட்டால் நம் உழைப்பு ஒரு நொடியில் பாழாகும் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை நான் தண்டையார்பேட்டையில் ஒரு தோல் கிடங்கில் கற்றுக்கொண்டேன்.

நீ கையைப் பிடித்து நடக்கிற வயதில் இருந்தபோது அந்தக் கிடங்கின் பின்கட்டில்தான் எங்கள் பேண்டு மாலையில் கூடும். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், கட்டுமரக்காரர்கள், ரயில்வே ஒர்க்ஷாப் ஆட்கள், நடுவில் குமாஸ்தா நான் ஒருவன்; அதனால்தான் எல்லோர் வாயிலும் நான் ரைட்டர். கலியாணம், சாவு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் காதால் கேட்டதை ஊதுவோம். சவரிமுத்து அந்த ஒர்க்ஷாப்பின் கொதிகலன் பட்டறையில் ஆணி அடிக்கிறவன். பகலெல்லாம் இரும்புக்குள் உட்கார்ந்து சம்மட்டிச் சத்தம் கேட்டவனுக்கு மாலையில் ஒரு பாட்டை ஒரே தடவை கேட்டால் போதும், அப்படியே கார்னெட்டில் வரும். இஞ்ஞாசி பெரிய டிரம் அடிப்பவன். துறைமுகத்துக் கிரேனில் வேலை. நாங்கள் மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட தோஸ்துகள். அதனால்தான் சவரி உனக்கு ஞானத்தகப்பன் ஆனான்.

எங்களுக்கு ஒரே ஒரு ஆசை. எங்கள் கோயில் திருவிழாவில் தேர் முன்னால் ஊதுகிற உரிமை எங்களுக்கு இல்லை. வெள்ளை உடுப்பு போட்ட ரயில்வே பேண்டை அழைப்பார்கள். அவர்கள் கோடு போட்ட காகிதத்தில் எழுதிய சுரக்குறிப்பைப் பார்த்து ஊதுவார்கள். நாங்கள் நோட்டு தெரியாதவர்கள் என்று கோயில் பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். சொந்தத் தெருவில் சொந்தத் தேர் வரும்போது நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் நோட்டு கற்றுக்கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் நான் சொல்லித் தருகிறேன், அடுத்த திருவிழா நம்முடையது என்றேன். முதல் நாள் சுவரில் கரியால் ஐந்து கோடு போட்டுப் புள்ளிகள் வைத்துக் காட்டினேன். இஞ்ஞாசி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "இன்னா ரைட்டரே, தந்திக் கம்பி மேல காக்கா குந்திக்கினு கீது. அத்த ஊதச் சொல்றியா, தொரத்தச் சொல்றியா?" என்றான். கிடங்கே சிரித்தது. சவரிதான் அதிகமாகச் சிரித்தான்.

ஆனாலும் கற்றார்கள். நான் வைத்த விதி ஒன்றுதான்: எல்லோரிலும் மெதுவாக வருகிறவனுக்கு ஒரு வரி பிடிபடும்வரை யாரும் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. வேகமாக வருகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் ஒரு கூட்டத்தோடு ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. இதை உன் கேங்கில் செய்து பார். புது ஆளை அளவாக வைத்து வேலையின் வேகத்தைக் கட்டு. வாரங்கள் போகப் போக அவனுடைய வேகமே ஏறிவிடும். முன்னால் ஓடுகிறவனை வைத்துக் கட்டினால் பின்னால் இருப்பவன் ஒளிக்கக் கற்றுக்கொள்வான். வேலையில் ஒளிப்பதைப் போல ஆபத்து வேறு இல்லை. எங்களில் ஒருவன் ஒளித்தான்.

சவரிக்கு நோட்டு ஏறவேயில்லை. அவனுக்கு அது தேவையும் இல்லை. நான் ஊதுவதை ஒரு முறை கேட்பான், காகிதத்தைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே ஊதுவான். ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்து அவன் முன்னால் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். அவன் கவனிக்கவில்லை. பழைய பாட்டையே தலையை ஆட்டிக்கொண்டு உருக்கமாக ஊதினான். "சவரி, உன் காயிதத்துல கீறது வேற பாட்டுடா" என்றேன். அன்றைய சிரிப்பு வேறு மாதிரியானது. இஞ்ஞாசி மட்டும் சிரிக்கவில்லை. "போதும் ரைட்டரே, வுடு" என்றான். சவரி கார்னெட்டைத் துடைத்துப் பையில் வைத்தான், மறுநாளும் வந்தான், ஊதினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அன்றும் நினைத்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். தேர் மெதுவாகத்தான் வரும், பாட்டு எங்கேயும் அறுந்துபோகக் கூடாது. ஆனால் ஊதுகிறவன் மூச்சு வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் கார்னெட்டுகள் இரண்டு. முதல் கார்னெட் பாட்டை எடுத்துச் செல்லும். இரண்டாவது அடியில் துணையாக நிற்கும். முதல் ஆள் மூச்சு வாங்குகிற இடத்தில் இரண்டாவது ஆள் பாட்டை வாங்கிக்கொள்வான். பேசிக்கொள்ள முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. பக்கத்தில் நிற்பவனின் தோள் உயர்வதை ஓரக்கண்ணில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் முதல், சவரி இரண்டாவது. மாதக்கணக்கில் அப்படிப் பழகி, அவன் தோள் அசைவது என் தோள் அசைவதுபோல ஆகியிருந்தது.

திருவிழா உரிமை எங்களுக்குக் கிடைத்தது. புதுச் சட்டை தைத்துக்கொண்டோம். தேர் தெருக்களைச் சுற்றி வந்து கோயிலைப் பார்த்துத் திரும்புகிற முனையில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. கோயில் பெரியவர்கள் படியில் நின்றார்கள். நான் மூச்சு வாங்குகிற இடம் வந்தது. வாயிலிருந்து கார்னெட்டை எடுத்தேன். பாட்டு இல்லை. சவரியின் கார்னெட் உதட்டில்தான் இருந்தது, கன்னம் உப்பியிருக்கவில்லை. கண் என்னைப் பார்த்தது. அந்த அமைதியில் தேர்ச் சக்கரம் கிறீச்சிட்டது தெளிவாகக் கேட்டது. இஞ்ஞாசி டிரம்மைப் போட்டு அடித்து மறைக்கப் பார்த்தான். நான் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி பிடிப்பதற்குள் படியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரைட்டருக்கு மூச்சு பத்தல" என்றது ஊர். அடுத்த வருஷம் ரயில்வே பேண்டு திரும்பி வந்தது. எங்கள் ஆட்கள் கூடி, இனி சவரியே தலைமை, காதால் கேட்டே ஊதலாம் என்று முடிவு செய்தார்கள். சவரி மறுக்கவில்லை. நான் என் கார்னெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. சவரி நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் பெரிய பண்டிகைக்கெல்லாம் தெருமுனையில் நின்று ஆள் அனுப்பி உன்னை அழைத்து எதையாவது கொடுத்து அனுப்புவான். நீ வளர்ந்ததும் ஒர்க்ஷாப்பில் உன்னைச் சேர்க்கச் சொல்லிப் பேசியவனும் அவன்தான். நான் தடுக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஊதினேன். பேண்டில் இருந்தபோது கனவிலும் நினைக்காத கடினமான பாட்டுகளையெல்லாம் பழகினேன். திறமை வளர்ந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் உன் அம்மாவும் எதிர்வீட்டு ஆடும்தான். ஆடு எழுந்து போய்விடும். உன் அம்மாவுக்கு அந்த வசதியும் இல்லை. தன்னைத் தானே உயர்த்திக்கொள்வது என்று புத்தகம் சொல்கிறதே, அதை நான் முழுசாகச் செய்து முடித்தவன். முடித்த பிறகு அந்தத் திறமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பிறகு இஞ்ஞாசி இறந்தான். நீ அன்று வேலைக்குப் போயிருந்தாய். எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊதுகிறவனோ அடிக்கிறவனோ செத்தால், அவனோடு எப்போதாவது சேர்ந்து வாசித்தவர்கள் எல்லோரும் வந்து வாசிக்க வேண்டும். அவனுடைய வாத்தியத்தைச் சவப்பெட்டிக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போவார்கள்; யாரும் அதைத் தொட்டு வாசிக்க மாட்டார்கள். இஞ்ஞாசியின் மனைவி ரெஜினாள் நேராக நம் வீட்டுக்கு வந்தாள். அழுத முகத்தோடு நின்று, "ரைட்டரே, அவரு டிரம்மு முன்னால போவும். நீ வர்லன்னா அவரு எந்திரிச்சி வந்து உன்னத் திட்டுவாரு. சவரியும் வருவாரு. ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கினே வாங்க, எனுக்கு இன்னா? ஆனா வாங்க" என்றாள்.

போனேன். பெரிய டிரம் கறுப்புத் துணி போர்த்தி முன்னால் போயிற்று. அதன் அடி இல்லாமல் பேண்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கால் எடுத்து வைக்கிற நேரத்தைச் சொல்ல யாரும் இல்லை. பெட்டி தூக்குகிறவர்கள் ஆளுக்கொரு அடி வைத்தார்கள், பெட்டி ஆடியது. பின்னால் ரெஜினாள் "பாத்துடா, பாத்துடா" என்று அலறினாள். முன்னால் நின்ற இரண்டு கார்னெட்டும்தான் நடையைக் காப்பாற்ற வேண்டும். ஒன்று சவரி, மற்றது நான். முதல், இரண்டாவது என்ற பேச்சே எழவில்லை. அவன் தோள் உயர்வதை ஓரக்கண்ணில் பார்த்தேன். பாட்டை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு மூச்சு முட்டும்போது அவன் பிடித்துக்கொண்டான். கல்லறைத் தோட்டம்வரை பாட்டு ஓரிடத்திலும் அறவில்லை, பெட்டியும் ஆடவில்லை. மண் போட்டு முடிந்ததும் சவரி கார்னெட்டில் சேர்ந்திருந்த எச்சில் நீரை உதறினான், என் பக்கம் திரும்பாமல் நடந்துபோனான். நானும் அவனைக் கூப்பிடவில்லை. கோபம் துளியும் குறையவில்லை, அருளப்பா. பாட்டும் துளியும் குறையவில்லை. இரண்டும் ஒரே மனிதனுக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆகவே உன் ஃபிட்டர்கள் இருவருக்கும் சமாதானம் பண்ணிவைக்கப் போகாதே. கூப்பிட்டு உட்கார வைத்து, கை குலுக்கச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தால், உனக்காகக் கை குலுக்குவார்கள். மறுநாள் நீ இல்லாதபோது இன்னும் மோசமாகும். மனது ஒத்துப்போன பிறகு வேலை என்று காத்திருந்தால் எந்த வண்டியும் ஒர்க்ஷாப்பைவிட்டு வெளியே வராது. ஒருவன் தூக்கினால் இன்னொருவன் தாங்காமல் முடியாத வேலையை அவர்கள் நடுவில் வை. யார் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், யார் எந்த இடத்தில் விட வேண்டும் என்பதை இருவரும் கேட்கும்படி சொல்லிவிடு. முறை தவறினால் உடனே கேள், தனியாக அழைத்துக் கேள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைக் கேட்காதே. அது அவர்களுடைய சொந்தச் சொத்து.

இவ்வளவு தெரிந்தவன் ஞாயிற்றுக்கிழமை ஏன் அப்படிப் பேசினாய் என்று கேட்பாய். நானும் இரண்டு நாள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். துக்கத்தில் ஒருவன் பக்கத்தில் நிற்பது எனக்கு முடிந்தது. துக்கத்தில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. கலியாணம் அப்படி அல்ல. என் வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல நாட்கள் சிலதான். அதில் ஒன்றில் அவனுக்கும் பங்கு கொடு என்று நீ கேட்டாய். அதுவும் கோயில் வாசலில், ஊர் பார்க்க, என் பிள்ளையின் கையைப் பிடிக்கிற இடம். அது எனக்குப் பொறுக்கவில்லை. காரணம் அவ்வளவுதான், பெரியதாக வேறு ஒன்றும் இல்லை.

நேற்று மாலை தண்டையார்பேட்டைக்குப் போனேன். சவரி வாசலில் குந்திக்கொண்டு புளியும் சாம்பலும் போட்டுக் கார்னெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறது.

"இன்னா ரைட்டரே, வழி தவறி வந்துட்டியா?"

"வழி எனக்குத் தெரியும். கலியாணத்துக்குக் கூப்பிட வந்தேன்."

"அதான் புள்ள வந்து கூப்ட்டுட்டுப் போய்ட்டானே. அப்புறம் நீ இன்னாத்துக்கு?"

"புள்ள கூப்பிட்டது வேற. அப்பன் கூப்பிடாம நீ வந்து அவன் கையப் புடிச்சா மரியாதையா இருக்காது."

"யாருக்கு? உனுக்கா, எனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். குந்தச் சொல்ல மாட்டியா?"

"நீ இன்னா குந்தற ஆளா? நின்னுக்கினே அடுத்தவன் தப்ப எண்ணுற ஆளாச்சே." உள்ளே அவன் மனைவி சிரிப்பது கேட்டது.

வந்த வேலை முடிந்தது, திரும்பியிருக்கலாம். முடியவில்லை. "சவரி, அன்னிக்கித் தேரு திரும்பறப்ப நீ வேணும்னுதானே நிறுத்துனே?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஆமா. வேணும்னுதான்." பிறகு நிமிர்ந்து பார்த்தான். "அத்தினி பேரு முன்னால என்னக் கேனையனாக்குன. நான் ஒரு மூச்சு நிறுத்துனேன். அவ்ளோதான். ஆனா உன்ன வுட்டுட்டு என்னத் தலைவரு ஆக்குவானுங்கன்னு நான் நெனைக்கல. மெய்யாலுமே நெனைக்கல."

இத்தனை வருஷமும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். அவன் ஒப்புக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் தயார் செய்து வைத்திருந்தேன். ரைட்டருக்கு மூச்சு பற்றாமல் போகவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அன்று படியில் நின்ற பெரியவர்களில் பாதிப் பேர் கல்லறையில் இருக்கிறார்கள். மீதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. அவன் குந்தச் சொல்லாமலேயே அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மன்னிச்சிக்கோன்னு மாப்பு கேக்கணுமா?" என்றான்.

"வாணாம். நீ கேட்டா நானும் எதுனா கேக்க வேண்டி வரும்."

"அதான பாத்தேன்." சிரித்தான். "அப்ப இன்னாதான் வோணும்?"

"என் புள்ள கலியாணம். நானும் ஊதணும்."

அதைக் கேட்டு அவன் சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டான். "ஊது. ஆனா மொதக் கார்னெட்டு நான். நீ ரெண்டாவது. ஒத்திகையில எவனுக்கும் தப்பு சொல்லக் கூடாது, காயிதம் தூக்கிக்கினு வரக் கூடாது. இப்ப பேண்டு என்து." இது அவன் பழி தீர்ப்பதாக உனக்குத் தோன்றலாம், இருக்கலாம். ஆனால் அவன் சொன்னது முறை. வழிநடத்துகிறவன் அவன், வழக்கமும் அவனுடையது. சரி என்றேன். திரும்பி வந்ததும் உன் அம்மா, "கூப்ட்டுட்டு வந்தியா, சண்ட போட்டுட்டு வந்தியா?" என்றாள். "ரெண்டும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான் சூடாகச் சோறு போட்டாள்.

ஆகவே புதன்கிழமை அவன் வருகிறான், நானும் வருகிறேன். கோயில் வாசலில் அவன் கார்னெட்டை இறக்கிவிட்டு உன் கையைப் பிடிப்பான். நீங்கள் இருவரும் உள்ளே போய்ச் சேரும்வரை வெளியே பாட்டு நிற்காது; அது என் பொறுப்பு. விருந்தில் எங்களை ஒரே பந்தியில் உட்கார வைக்காதே. நாங்கள் பேசிக்கொள்ளவில்லையே என்று உன் பெண்வீட்டார் கேட்டால், இரண்டு பேரும் அப்படித்தான் என்று சொல்லிவிடு. இதற்காக எனக்கு நன்றி சொல்ல வராதே, எனக்குக் கோபம் வரும்.

சனிக்கிழமை மாலை ஒத்திகை. அன்று அவன் எடுக்கப்போவது நான் பேண்டுக்குச் சொல்லித் தந்த பழைய நடைப்பாட்டுத்தான். அதன் இரண்டாவது கார்னெட்டின் பாகத்தை எழுதியவன் நான், ஒருநாளும் ஊதியதில்லை. காலையிலிருந்து ஊதிப் பார்க்கிறேன். முக்கால் பாகம் ஒரே சுரத்தில் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல திருப்பம் இல்லை, ஓரிடத்திலாவது மேலே எழும்ப வழியில்லை. முதல் ஆள் மூச்சு வாங்கும்போது மட்டும் பாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அடியில் போய் நிற்க வேண்டும். சவரி இதை எத்தனை மாதம் ஊதினான் என்று நினைத்துப் பார்க்கிறேன். எழுதியவன் எதிரில் இருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். சனிக்கிழமைக்குள் பழகியாக வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் நைனா